ஒரே அளவு வீடு... ஊருக்கு ஆகும் செலவு மட்டும் வேற! போடியில் மனை எந்த இடத்தில் இருக்குங்கிறது ஏன் முக்கியம்?

போடிநாயக்கனூரில் இரண்டு பேர் வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 3 சென்ட் மனை. இரண்டு வீடும் 1,000 சதுர அடி. ஒரே கொத்தனார், ஒரே பிளான். ஒரு வீடு பஜாரை ஒட்டிய பழைய தெருவில், ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்த இடத்தில் எழும்புகிறது. இன்னொன்று முந்தல் சாலைப் பக்கம், மலையடிவாரத்தில் புதிதாகப் பிரித்த லே-அவுட்டில்.

கட்டுமானச் செலவு இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மனை விலையைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது ஆளுக்குத்தான் மிச்சம். ஆனால் இந்த இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் கொடுத்து, தெருவிளக்கு போட்டு, குப்பை அள்ளி, ரோடு பராமரிக்க ஊருக்கு ஆகும் செலவு ஒன்றல்ல. குடிநீர்க் குழாயின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வரலாம்.

அந்த வித்தியாசம் மனை விளம்பரத்தில் இருக்காது, பத்திரத்தில் இருக்காது, வரி ரசீதிலும் இருக்காது. அப்படின்னா அதை யார் கட்டுறாங்க? பார்க்கலாம்.

போடி எந்தப் பக்கம் வளர முடியும்?

போடி மலையடிவார ஊர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தாண்டி, முந்தலில் மலை ஏறத் தொடங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போகிறது. மேலே ஏலத் தோட்டங்கள். கீழே வியாபாரிகள், கிட்டங்கிகள், ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்கள், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையிலேயே மலை ஏறிவிடும். அதாவது வேலை மேலே, வீடு கீழே. இந்த ஊர் உருவானதே அப்படித்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போடி நகராட்சியில் 75,675 பேர். 2001-ல் 73,430. பத்து வருடத்தில் கூடியது வெறும் 2,245 பேர், சுமார் 3 சதவீதம். அதே பத்து வருடத்தில் தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்கள்தொகை ஏறத்தாழ 27 சதவீதம் கூடியது.

அப்போ போடி வளரவே இல்லையா? அப்படி முடிவு கட்டிவிட முடியாது. கணக்கெடுப்பு நகராட்சி எல்லைக் கோட்டோடு நின்றுவிடும். வீடுகள் நிற்காது. போடியை ஒட்டியே மேலச்சொக்கநாதபுரம் பேரூராட்சி, அந்தப் பக்கம் மீனாட்சிபுரம் பேரூராட்சி, சிலமலை போன்ற ஊராட்சிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 2012-ல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரியே மேலச்சொக்கநாதபுரத்தில்தான் இருக்கிறது. பெயரில் மட்டும் போடிநாயக்கனூர். பஸ்ஸில் போகிறவருக்கு எது போடி, எது பக்கத்து ஊர் என்று தெரியாது. தண்ணீர் பில் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1928-ல் வந்த மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதைக்காக 2010-ன் கடைசியில் நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் 15-ம் தேதியும் ரயில் திரும்ப வந்தது. ரயில், கல்லூரி, நாலு வழியும் சேரும் நெடுஞ்சாலை என்று ஒரு ஊருக்கு வந்தால் அதைச் சுற்றி மனை பிரிப்பார்கள். அது தப்பில்லை. எங்கே பிரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

குழாய்க் கணக்கு: 15 அடியா, 200 அடியா?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். இது போடி நகராட்சியின் கணக்கு இல்லை. புரிவதற்காக நாமே போடும் உதாரணம்.

ஒரு தெருவில் ஒவ்வொரு மனைக்கும் 30 அடி முகப்பு. இரண்டு பக்கமும் வீடுகள். நடுவில் போகும் குடிநீர்க் குழாயை எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடும் பகிர்ந்துகொள்கின்றன. அப்படியென்றால் ஒரு வீட்டின் பங்கு 15 அடிக் குழாய். 15 அடி ரோடு. 15 அடிச் சாக்கடை.

பழைய தெருவில் காலியாகக் கிடந்த மனையில் வீடு வந்தால் இந்த 15 அடியும் புதிதாகப் போட வேண்டியதில்லை. ஏற்கெனவே கிடக்கிறது. இத்தனை வருடமும் அந்தக் காலி மனையின் பங்கையும் அக்கம்பக்கத்து வீடுகள்தான் சுமந்துகொண்டு இருந்தன. ஆக, அங்கே ஒரு வீடு வருவது தெருவுக்கே லாபம்.

இப்போ ஊருக்கு வெளியே 2 கி.மீ. தள்ளி 100 மனை போட்ட ஒரு லே-அவுட். ஐந்து வருடம் கழித்தும் 40 மனையில்தான் வீடு. மீதி மனைகள் பிள்ளைகள் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்டவை. லே-அவுட்டுக்குள் தெருக்குழாய் மொத்தமும் போட்டாக வேண்டும், 40 வீட்டுக்காக. வீட்டுக்கு 37 அடி ஆச்சு. ஊரின் பிரதானக் குழாயிலிருந்து லே-அவுட் வரை 2 கி.மீ. இணைப்புக் குழாய். அதை 40-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 50 மீட்டர், கிட்டத்தட்ட 164 அடி. இரண்டையும் கூட்டினால் ஒரு வீட்டுக்கு 200 அடி.

100 மனையிலும் வீடு வந்துவிட்டால்? அப்பவும் வீட்டுக்கு 80 அடி. பழைய தெருவை விட ஐந்து மடங்கு அதிகம்.

குழாய்க்குச் சொன்ன இதே கணக்கு ரோட்டுக்கும் பொருந்தும், மின்கம்பத்துக்கும் பொருந்தும். எத்தனை வீடு என்பதை விட, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டில் இதை நிஜக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் 2005-ம் ஆண்டுக் கணக்கு பலரும் மேற்கோள் காட்டுவது. அங்கே நகரத்துக்குள் நெருக்கமாக இருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சேவை தர ஆண்டுக்கு 1,416 டாலர். பரந்து விரிந்த புறநகரில் இருக்கும் குடும்பத்துக்கு 3,462 டாலர். இரண்டரை மடங்கு. பனி அள்ளுவதெல்லாம் அந்தக் கணக்கில் வரும், நமக்கு அந்தச் செலவு கிடையாது. நமக்கு வேறு ஒன்று இருக்கிறது: மலைச் சரிவு.

சரிவில் தண்ணீர் ஏற்ற எவ்வளவு கரண்ட்?

போடிக்குக் குடிநீர் தருவது குரங்கணி மலையிலிருந்து இறங்கி வரும் கொட்டகுடி ஆறு. மேலிருந்து கீழே வரும் தண்ணீருக்கு மோட்டார் தேவையில்லை. தொட்டிக்குக் கீழே இருக்கும் தெருவுக்குத் தானாகவே பாயும். மலையடிவார ஊர்களுக்கு இயற்கை கொடுத்த சலுகை இது. தொட்டியின் மட்டத்துக்கு மேலே ஒரு வீடு கட்டின உடனே அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் ஆகும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. 5 பேர் இருக்கும் வீட்டுக்கு 350 லிட்டர். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100 மீட்டர் மேலே இருக்கும் ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு சுமார் 500 ரூபாய்தான் ஆகிறது.

இவ்வளவுதானா என்று தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உண்மையான செலவு கரண்டில் இல்லை.

மோட்டார் இருந்தால் அதைப் போட்டு நிறுத்த ஓர் ஆள் வேண்டும். மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 1,20,000. அந்த 40 வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு 3,000 ரூபாய். கரண்ட் செலவைப் போல ஆறு மடங்கு. அப்புறம் மாற்று மோட்டார் ஒன்று தயாராக இருக்கணும். மேலே தனியாக ஒரு தொட்டி கட்டணும். மழைக்காலத்தில் மின்கம்பி அறுந்தால் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. அந்த இரண்டு நாளும் டிராக்டர் டேங்கர் சரிவில் ஏற வேண்டும்.

இன்னொரு சிக்கல் அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். 100 மீட்டர் மேலே இருக்கும் தொட்டியிலிருந்து நேராகக் கீழே குழாய் இறக்கினால் அடியில் 10 கிலோ அழுத்தம். 6 கிலோ தாங்குகிற பிவிசி குழாயைப் போட்டிருந்தால் வெடிக்கும். அதனால் நடுவில் அழுத்தத்தை உடைக்கும் தொட்டிகள், கனமான குழாய்கள், வால்வுகள். சமதளத்தில் ஒரே தொட்டி பார்க்கும் வேலையைச் சரிவில் மூன்று தொட்டி பார்க்கணும்.

குப்பை, பஸ், 108

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். வீடு வீடாகக் குப்பை வாங்கும் பேட்டரி வண்டி சமதளத்துக்காகச் செய்தது. நெருக்கமான தெருவில் ஒரு தூய்மைப் பணியாளர் காலையில் சில நூறு வீடுகளை முடித்துவிடுவார். வீடுகள் சிதறிக் கிடந்தால் அதே நேரத்தில் பாதியைக்கூட முடிக்க முடியாது. சம்பளம் என்னமோ ஒன்றுதான். செப்டிக் டேங்க் லாரி தூரத்துக்கு ஏற்ப வாடகை கேட்கும். பஸ் விடுவதற்கு ஆள் ஏறணும். 40 வீட்டுக்கு யாரும் டவுன் பஸ் விட மாட்டார்கள், அதனால் வீட்டுக்கு இரண்டு பைக். 108 ஆம்புலன்ஸுக்கு லே-அவுட்டுக்குள் தெருப் பெயர்ப் பலகைகூட இல்லாத இடத்தில் வழி சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

ஊராட்சியில் மனை, நகராட்சியில் வாழ்க்கை

இதில்தான் பணம் கைமாறும் இடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் லே-அவுட் அனுமதி வாங்கும்போது, உள்ளே இருக்கும் சாலைகளை மனை பிரிப்பவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதம் பூங்கா மாதிரி பொது உபயோகத்துக்கு விட வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தானமாக வாங்கிய நாளிலிருந்து அந்த ரோட்டின் குழி, அந்தப் பூங்காவின் சீமைக் கருவேலம், எரியாத தெருவிளக்கு எல்லாமே உள்ளாட்சியின் தலையில். மனை விற்றவர் அடுத்த லே-அவுட்டுக்குப் போய்விடுவார்.

அந்த உள்ளாட்சி பெரும்பாலும் சின்ன ஊராட்சி அல்லது பேரூராட்சி. குடியிருப்பவர் சம்பாதிப்பது, சாமான் வாங்குவது, பிள்ளைகளைப் படிக்க வைப்பது எல்லாம் போடியில். வீட்டு வரி கட்டுவது ஊராட்சிக்கு. நகராட்சிக்கு அவருடைய குப்பையும் போக்குவரத்தும் வரும், வரி வராது. ஊராட்சிக்கு வரி வரும், ஆனால் 2 கி.மீ. குழாய் போடும் அளவுக்கு வராது.

முதல் செலவுக்கு வழி இருக்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு, 2021-ல் தொடங்கிய அம்ருத் 2.0 நகரங்களுக்கு. குழாய் போடப் பணம் மேலிருந்து வரும். ஆனால் குழாய் போட்ட பிறகு வருடா வருடம் ஆகும் மோட்டார் ரிப்பேர், ஆள் சம்பளம், கரண்ட் பில் உள்ளாட்சியின் சொந்தக் கையிலிருந்துதான் போகணும். 30 வருடம் ஓடும் குழாயில் திறப்பு விழா ஒரு நாள். மீதி நாட்களின் கணக்கை யாரும் கல்வெட்டில் பொறிப்பதில்லை.

அப்போ வரி? தமிழ்நாட்டில் நகராட்சி சொத்து வரி கட்டடத்தின் பரப்பு, உபயோகம், எந்த மண்டலம் என்பதைப் பொறுத்தது. 2022 ஏப்ரலில் வரி கூட்டியபோதும் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று குடியிருப்புகளுக்கு வீட்டின் அளவை வைத்துத்தான் கூட்டினார்கள். பஜார் பக்கம் மதிப்பு கூடிய மண்டலம், வரி அதிகம். ஓரத்தில் மதிப்பு குறைவு, வரி குறைவு. ஆனால் சேவை தர ஆகும் செலவு இதற்கு நேர் தலைகீழ். ஊர் நடுவே குடியிருப்பவர் அதிக வரி கட்டி, குறைந்த செலவு வைக்கிறார். ஓரத்தில் இருப்பவர் குறைந்த வரி கட்டி, அதிகச் செலவு வைக்கிறார்.

முதல் கேள்விக்கு இப்போ பதில் சொல்லலாம். வித்தியாசத்தை நடுவூர்க்காரர் கட்டுகிறார். பணமாக மட்டும் இல்லை. தினமும் வந்த தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்போதும், பழைய தெருவின் 40 வருடக் குழாயை மாற்ற நிதி இல்லை என்று சொல்லும்போதும் அதைத்தான் கட்டுகிறார்.

அனுமதியே வாங்காமல் பிரித்த மனைகள் தனிக்கதை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அடுத்த வருடமே அரசு வரைமுறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்குக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வழி கிடைத்தது. காகிதம் சரியாயிடுச்சு. 16 அடித் தெருவை 30 அடி ஆக்க அந்தக் கட்டணத்தால் முடியாது.

டாப் ஸ்டேஷன்: ஒரே ஊராட்சி, 100 கி.மீ. சுற்று

தூரம் என்றால் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது இல்லை, ரோடு போகும் தூரம். இதைப் புரிந்துகொள்ள போடிக்கு மேலே இருக்கும் கொட்டகுடி ஊராட்சியை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

போடியிலிருந்து குரங்கணி 16 கி.மீ. குரங்கணிக்கு மேலே மலை உச்சியில் டாப் ஸ்டேஷன். தமிழ்நாட்டு எல்லைக்குள், இதே ஊராட்சியைச் சேர்ந்த ஊர். குரங்கணியிலிருந்து நடந்தே ஏறிவிடலாம். வண்டியில் போகணும்னா? போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, மூணாறு போய், அங்கிருந்து 32 கி.மீ. போகணும். மொத்தம் ஏறக்குறைய 100 கி.மீ.

வேடிக்கை என்னவென்றால், நூறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சரிவுக்கு நல்ல போக்குவரத்து வசதி இருந்தது. மூணாறு தேயிலை, குண்டளை பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப் வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வரும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துப் போனது, திரும்பக் கட்டவில்லை. தேயிலைப் பெட்டிகளுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த வழி, இன்று மலைவாழ் மக்களின் பல குடியிருப்புகளுக்கு இல்லை. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வருவதும், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை மேல் ஏறிப் போவதும் இந்த மாவட்டத்தில் அடிக்கடி வரும் செய்தி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செலவு அதிகம் என்பதற்காக இந்தக் குடியிருப்புகளுக்குச் சேவை வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். முதுவர்களும் பளியர்களும் நகராட்சி பிறப்பதற்கு முன்பே அங்கே இருப்பவர்கள். அவர்களுக்கு எத்தனை செலவானாலும் அரசு செய்தாக வேண்டும். ஆனால் வார இறுதியில் வந்து தங்க மலைச் சரிவில் கட்டும் சொகுசு வீட்டையும் அதே தட்டில் வைக்க முடியுமா? ‘மலை வியூ சார், காத்து ஜிலுஜிலுன்னு வரும்’ என்று விற்கப்படும் மனைக்குத் தண்ணீர் ஏற்றும் செலவு, டோலியில் வரும் கர்ப்பிணிக்குச் சேர வேண்டிய சாலையின் பணத்திலிருந்து போகக்கூடாது. இரண்டும் ‘மலைப் பகுதி மேம்பாடு’ என்ற ஒரே தலைப்பில் வரும்போது முதலாமவர் கைதான் ஓங்குகிறது.

மண் சரிந்தால் யார் செலவு?

மலைப்பகுதிக் கட்டுமானத்துக்குத் தனி அனுமதி தேவை. அதற்காகவே 1990-ல் தமிழக அரசு ‘ஹாகா’ எனப்படும் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. தேனி மாவட்ட மலைக் கிராமங்களும் அதன் பட்டியலில் வருகின்றன. பலருக்கும் இது வீண் இழுத்தடிப்பாகத் தெரியும். ஆனால் சரிவை வெட்டிச் சமதளமாக்கும் ஒவ்வொரு மனைக்கும் மேலே ஒரு தடுப்புச் சுவரும், கீழே ஒரு வடிகாலும் தேவைப்படுகிறது. அவற்றைக் கட்டாவிட்டால் மழை கட்டவைக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் போடிமெட்டு சாலையில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது வருடந்தோறும் பார்ப்பதுதான். அதே நெடுஞ்சாலையில் மூணாறுக்கு முன்னால் இருக்கும் கேப் ரோடு, விரிவாக்கப் பணி நடந்த 2019, 2020-ல் திரும்பத் திரும்பச் சரிந்தது. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அது மனை பிரித்து வந்த குடியிருப்பு இல்லை, அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த இடமும் இல்லை. தொலைதூரச் சரிவில் மீட்புப் படை போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை அந்த இரவு காட்டியது.

கீழே இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சரிவில் காடும் தோட்டமும் இருந்தால் மழைத் தண்ணீர் ஊறி, மெதுவாக இறங்கும். கூரையும் சிமெண்ட் தளமும் வந்தால் நேராக ஓடி வரும். போடியில் பங்காருசாமி கண்மாய், மீனாட்சிபுரத்தில் மீனாட்சியம்மன் கண்மாய் என்று மலைத் தண்ணீரைத் தேக்க முன்னோர் வெட்டிவைத்த கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வரும் ஓடையை மனையாக்கிவிட்டு, பிறகு அந்தத் தண்ணீரைக் கடத்த கான்கிரீட் வடிகால் கட்டுவது ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு செய்வது. முதல் முறை மண்வெட்டியால் முடிந்த வேலை அது.

பெரிய ஊர்களில் என்ன நடந்தது?

மதுரையைப் பாருங்கள். 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது. பரப்பு சுமார் 52 சதுர கி.மீ.லிருந்து 148 ஆனது. பரப்பு ஒரே உத்தரவில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகலாம். குழாய் அப்படி ஆகாது. சேர்ந்த பகுதிகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவர, சுமார் 1,300 கோடி ரூபாயில் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டம் போட்டார்கள். நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். எங்கிருந்து? தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பிலிருந்து, 100 கி.மீ.க்கும் மேல் குழாயில். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தது நினைவிருக்கும். ஒரு நகரம் விரிவதன் செலவில் ஒரு பகுதி வேறு மாவட்டத்து வயலில் போய் விழுகிறது.

சென்னையும் அதே 2011-ல் 174 சதுர கி.மீ.லிருந்து 426 ஆனது. சேர்க்கப்பட்ட பகுதிகளில் பத்து வருடம் தாண்டியும் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். வீடு முதலில், குழாய் பிறகு என்றால் போட்ட ரோட்டை உடைத்து, திரும்பப் போட வேண்டும். குழாய் முதலில் என்றால் ஒரு முறை தோண்டினால் போதும்.

2024 இறுதியில் தமிழக அரசு 16 மாநகராட்சிகள், 41 நகராட்சிகளின் எல்லையை விரிவாக்குவதாக அறிவித்தபோது பல ஊராட்சி மக்கள் எதிர்த்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். இணைத்தால் நகராட்சிக்கு வரி வருகிறது. ஆனால் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குச் சேவை தரும் பொறுப்பும் கூடவே வருகிறது. தூரம் குறைவதில்லை, கணக்கு எழுதும் நோட்டு மட்டும் மாறுகிறது.

அப்போ வெளியே யாரும் வீடு கட்டக்கூடாதா?

அப்படிச் சொல்வது சுலபம், நியாயமில்லை. ஊருக்குள் ஒரு சென்ட் என்ன விலை? ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிற குடும்பம் பஜார் பக்கம் மனை வாங்க முடியாது. அவர்கள் ஓரத்துக்குப் போவது ஆசையால் இல்லை, விலையால். மனையில் மிச்சம் பிடித்ததை, பிறகு டேங்கர் தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் மாதா மாதம் கொடுத்துக்கொண்டே இருப்பவர்களும் அவர்கள்தான்.

நெருக்கத்துக்கும் செலவு உண்டு. பழைய தெருவில் வீடுகள் மாடி மேல் மாடியானால் குறுகிய சாக்கடையும் பழைய குழாயும் தாங்காது. அவற்றை மாற்ற வேண்டும். நெரிசலான சந்தில் தீயணைப்பு வண்டி நுழையாது. ஆனாலும் மாற்ற வேண்டிய குழாய் அங்கே 15 அடிதான்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. ஊருக்குள்ளேயே சும்மா கிடக்கும் மனைகளை முதலில் நிரப்புவது. காலிமனை வரி என்று ஒன்று நகராட்சிகளில் இருக்கிறது. வாங்கிப்போட்டுக் காத்திருப்பவருக்கு உறைக்கும் அளவில் அது இல்லை. அடுத்தது, ஏற்கெனவே குழாயும் பஸ்ஸும் போகும் தேனி சாலை, தேவாரம் சாலையை ஒட்டி, ஒரு லே-அவுட் நிரம்பிய பிறகு அடுத்தது என்று ஒட்டினாற்போல வளர்வது. நடுவில் நாலு வயலை விட்டுவிட்டுத் தாண்டிப் போய்ப் பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் செலவு கூடியது.

மனை வாங்கப் போறீங்களா? இதைக் கேளுங்க

அங்கீகாரம் இருக்கான்னு எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். இந்த மனை எந்த உள்ளாட்சியில் வருகிறது, அந்த அலுவலகத்தில் போய் இந்த லே-அவுட்டின் சாலைகளுக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பிரதானக் குடிநீர்க் குழாய் எங்கே முடிகிறது, அங்கிருந்து உங்கள் மனைக்கு எத்தனை மீட்டர் என்று காலால் நடந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறீர்களா, கீழேயா? மலைப் பக்கம் என்றால் அந்தக் கிராமம் ஹாகா பட்டியலில் இருக்கிறதா? எத்தனை மனையில் இப்போ வீடு இருக்கு, எத்தனை வருடமா?

முக்கியமாக, ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறை, நல்ல மழை பெய்து முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் போட்டோ எப்பவும் வெயிலில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல். போடி நகராட்சியின் எண்ணிக்கை வரும்போது அதை மட்டும் பார்க்காமல், மேலச்சொக்கநாதபுரம், மீனாட்சிபுரம், சுற்றியுள்ள ஊராட்சிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊர் எந்தத் திசையில் நடந்து போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.